ரத்த மாத்திரை, முதுகு ஊசி, மயக்க மருந்து: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றியே இருந்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் சாப்பிடுகிறார். இப்போது குடலிறக்க ஆபரேஷன். ஒரு வாரத்துக்கு முன்பே இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிறுத்தலாமா டாக்டர்?

தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதி செய்துகொள்ளவும் முடியாது. சாகும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அது அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கும். குளோபிடோக்ரலும் தட்டணுவை விடாது, பிடிக்கிற இடம்தான் வேறு. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதென்றால் குளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் நிறுத்தாமலே போடுவோம்.

ஆனால் அப்பாவுடையது புது ஸ்டென்ட். இரண்டு மாத்திரையையும் ஒன்றாக நிறுத்திவிட்டால் அது அடைத்துக்கொண்டு மாரடைப்பே வரலாம். இதய மருத்துவர், சர்ஜன், மயக்க மருத்துவர் மூவரும் பேசி முடிவு செய்யட்டும். குடலிறக்கம் வலியில்லாமல் உள்ளே போய் வருகிறது என்றால் சில மாதம் தள்ளிப்போடவும் வழி உண்டு.

இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன் மேடம். கீரையையே தொடக் கூடாது என்கிறார்களே?

தொடலாம் அம்மா. ரத்தம் உறைவதற்கான காரணிகளில் நான்கைச் செய்து முடிக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோமும் அதன் அண்ணன் வார்ஃபரினும் அதைத்தான் தடுக்கின்றன. கீரையில் அந்த வைட்டமின் நிறைய இருக்கிறது. பத்து நாள் தொடாமல் இருந்துவிட்டு, பதினோராம் நாள் முருங்கைக்கீரையை ஒரு சட்டி நிறையச் சாப்பிட்டால்தான் சிக்கல். வாரத்துக்கு இத்தனை முறை, இவ்வளவுதான் என்று ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ற மாத்திரை அளவை ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார். கடையில் வலி மாத்திரை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இந்த மாத்திரைக் குடும்பமே மாட்டுத் தீவனத்திலிருந்து வந்தது. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த தழையைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்றது. 1954இல்தான் மனிதருக்கு மருந்தானது.

பல் பிடுங்கும்போது ஊசி போட்டும் மரத்துப்போகவே இல்லை. மருந்து போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மையாக இருக்கும். அங்கே மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. முதலில் சீழை வடித்துவிட்டோ, தள்ளி இருக்கும் நரம்பில் ஊசி போட்டோ செய்வார்கள்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து நான்கு வருடமாக இடுப்பு வலி. ஊசிதானே காரணம்?

அந்த ஊசி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். முனையில் தண்ணீர் போலத் தெளிந்த திரவம் சொட்டியதும் இரண்டு மில்லி சொச்சம் மருந்தைச் செலுத்துவோம். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குத் தலைவலி வரும். நான்கு வருட வலிக்கு, குழந்தையைத் தூக்குவது, குனிந்தபடி பால் கொடுப்பது, பிரசவத்தில் தளர்ந்த தசை என்று வேறு காரணம் இருக்கும். ‘ஊசி வலிதான்’ என்று விட்டுவிடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த ஊசியில் நான் பயப்படுவது வேறொன்று. ரத்தம் உறையாத நிலையில் குத்தினால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக் கால் செயலிழந்து போகலாம். அரிதுதான், ஆனால் வந்தால் பெரிய துயரம். அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க எனோக்ஸாபரின் ஊசி 40 மில்லிகிராம் போட்டவருக்கு 12 மணி நேரமாவது காத்திருக்கிறோம். மாத்திரைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதற்குத்தான். ஒருமுறை ஒரு பெரியவர், “சுகர் மாத்திரை மட்டும்தாம்மா” என்றார். அவர் மனைவி மஞ்சள் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். பாதி தீர்ந்த குளோபிடோக்ரல் அட்டை அதில் கிடந்தது. அன்றைய ஆபரேஷனைத் தள்ளிவைத்தோம். பெயர் ஞாபகமில்லையா, அட்டையோடு வாருங்கள்.

தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்க டிரானெக்சாமிக் ஆசிட் போட்டார்கள். அது என்ன செய்யும் டாக்டர்?

உறைந்த ரத்தத்தை உடலே கரைக்கப் பார்க்கும். அந்தக் கரைப்பை இது தடுக்கும். சீக்கிரம் போட வேண்டும், அதுதான் முக்கியம். 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடந்த சோதனையில், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் ரத்தப்போக்கால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த மருந்தை 1960களில் ஜப்பானில் உருவாக்கியவர்கள் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும். பிரசவ ரத்தப்போக்கால் பெண்கள் சாகக் கூடாது என்பதுதான் உட்டாகோவின் எண்ணம். 2016இல் அவர் காலமானார். சோதனையின் முடிவு 2017இல் வந்தது.