உடம்புக்குள்ள விர்ர்ர்னு அதிருது, டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையாம்!

வாசகர் கேள்விகள், நரம்பியல் டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 52. ஏழெட்டு மாசமா ராத்திரி படுத்தா போதுங்க, பாதத்துல இருந்து கெண்டைக்கால் வரைக்கும் உள்ளுக்குள்ள விர்ர்ர்னு அதிர்ந்துகிட்டே இருக்கு, ஓடுற மிக்ஸி மேல கைய வெச்ச மாதிரி. வீட்டுக்காரர் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே ஆடலையேங்கறார். ஒரு நாள் டம்ளர் நிறைய தண்ணி ஊத்தி கால் மேல வெச்சே பாத்துட்டேன், தண்ணி அசையவே இல்ல. முதுகுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தாச்சு, நார்மல். ஒரு டாக்டர் "எல்லாம் மனசுதாம்மா"ன்னு தூக்க மாத்திரை எழுதிட்டார். சுகர் இருக்கு, பத்து வருஷத்துக்கு மேல மெட்ஃபார்மின் போடறேன், சுத்த சைவம். மாமியார் திருஷ்டிங்கறாங்க. எனக்கு புத்தி ஏதாவது பிசகிடுச்சோன்னு பயமா இருக்குங்க.
- வாசகி, ஈரோடு

பதில்: உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகலம்மா, முதல்ல அந்த பயத்த விடுங்க. டம்ளர் வெச்சு நீங்க பாத்தது நல்ல சோதனை, கால் வெளிய ஆடலன்னு அதுல தெளிவாயிடுச்சு. ஆனா ஆடாம இருந்தாலும் அதிர்வு தெரியும், அதுதான் இங்க விஷயம். நம்ம தோலுக்கு அடியில அதிர்வ மட்டுமே பிடிக்கிறதுக்குன்னு தனி நரம்பு முனைகள் இருக்கு, அதுங்க சிக்னல் அனுப்புச்சுன்னா மூளைக்கு அது அதிர்வுதான், வெளிய ஏதாவது நிஜமா ஆடுச்சா இல்லையான்னு மூளைக்குத் தெரியாது. 2013ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. சீனாக்காரங்க சமையல்ல போடுற சிச்சுவான் மிளகு இருக்கு இல்லையா, அத உதட்டுல தடவி விட்டுட்டு என்ன தெரியுதுன்னு கேட்டாங்க, உதடு துளிகூட அசையல, ஆனா நொடிக்கு சுமார் 50 தடவ அதிர்ற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. அந்த மிளகுல இருக்கிற பொருள் நரம்ப நேரா தூண்டி விடுது, அவ்வளவுதான். உங்க கால்லயும் நரம்பு அப்படி தானா சிக்னல் விடுதுன்னுதான் எனக்குத் தோணுது. இத "மனசு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சது சரியில்லம்மா, அதுவும் உங்க கடிதத்துலயே மூணு துப்பு இருக்கும்போது.

சுகர், சைவம், மெட்ஃபார்மின். பி12 வைட்டமின் செடி கொடியில கிடையாது, பால் தயிர்ல கொஞ்சம் இருக்கு, அவ்வளவுதான். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா அந்தக் கொஞ்சத்தையும் குடல் சரியா உறிஞ்சாம போகலாம். பிரிட்டன்ல மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022லயே இத எச்சரிக்கையா வெளியிட்டிருக்கு. இதோட காலைல வெறும் வயித்துல போடுற கேஸ் மாத்திரையும் வருஷக்கணக்கா ஓடுதான்னு பாருங்க, நம்ம ஊர்ல நிறைய பேர் டாக்டர் ஒரு மாசத்துக்கு எழுதினத விடாம போட்டுக்கிட்டே இருக்காங்க, அதுவும் பி12ஐ குறைக்கும். ரத்தத்துல பி12 பாருங்க. ரிப்போர்ட்ல pg/mLனு போட்டிருக்கிற கணக்குல 200க்குக் கீழ இருந்தா குறைவுதான். 200, 300க்கு நடுவுல இருந்தா நார்மல்னு ரிப்போர்ட்ல போட்டிருந்தாலும் விட்றாதீங்க, பி12 பத்தலன்னா ரத்தத்துல ஏறுற ஹோமோசிஸ்டீன்ங்கற பொருளையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. ரத்தசோகை இல்லையே, ஹீமோகுளோபின் நல்லா இருக்கேன்னு சிலர் சொல்வாங்க, ரத்தம் நல்லா இருக்கும்போதே பி12 குறைஞ்சு நரம்பு கெடலாம். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் போட்டா ரத்தம் சரியாகி நரம்பு பாட்டுக்கு கெட்டுக்கிட்டே போகும், அதனால நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க. மெட்ஃபார்மினையும் நீங்களா நிறுத்தக் கூடாது.

பி12 சரியா இருந்தா சுகரோட வேலையா இருக்கலாம். நரம்பு கண்டக்ஷன் டெஸ்ட் எடுத்து நார்மல்னு வந்தாலும் அது தடிச்ச நரம்புகளத்தான் அளக்கும், தோல்ல இருக்கிற மெல்லிய நரம்பு கெட்டிருந்தா அதுல தெரியாது. தைராய்டும் ஒரு தடவ பாத்துடுங்க.

கேள்வி: ஐ.டி வேலை, வயசு 26. தொடையில போன் வைப்ரேட் ஆகுற மாதிரி அடிக்கடி தோணும், எடுத்துப் பாத்தா போன் டேபிள் மேல இருக்கும். கெண்டைக்கால் சதையும் கண் இமையும் தானா துடிக்குது. நெட்ல தேடினா ஏ.எல்.எஸ்னு, தசைய இயக்குற நரம்பு கெட்டுப்போற பெரிய நோய்னு வருது சார், தூக்கமே போச்சு.
- வாசகர், சென்னை

பதில்: தம்பி, மொதல்ல நெட்ல தேடுறத நிறுத்துங்க. போன் விஷயம் ரொம்ப சகஜம், 2010ல அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரி ஊழியர்கள்கிட்ட கேட்டதுல மூணுல ரெண்டு பேருக்கு இப்படி இல்லாத வைப்ரேஷன் தெரிஞ்சிருக்கு. வைப்ரேஷன ஆஃப் பண்ணியும் போன வேற எடத்துல வெச்சும் பாத்தவங்கள்ல பலருக்கு நின்னுருச்சு, நீங்களும் பண்ணிப் பாருங்க. சதை துடிக்கிறதுக்கு காபி, தூக்கம் கெடுறது, ஜிம்ல ஓவரா பண்றது, பதட்டம் இதெல்லாம் போதும். ஏ.எல்.எஸ்னா பலம் போகும், கால் தடுக்கும், சட்டை பட்டன் போட வராது, கை சதை கரையும், வெறும் துடிப்போட நிக்காது. இதுல ஒண்ணு இருந்தாலும் வாங்க, இல்லன்னா தூக்கத்த சரி பண்ணுங்க.

கேள்வி: ரிட்டயர்டு ஆசிரியர், வயசு 63. கோவிட் வந்துட்டுப் போனதுல இருந்து நெஞ்சுக்கூடு, முதுகு எல்லாம் உள்ள ஒரு நடுக்கம். பி12, தைராய்டு, சுகர், கால்சியம், மூளை ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. வீட்டுல நான் சும்மா சொல்றேன்னு நெனைக்கறாங்க. இதோட எப்படி சார் காலத்த ஓட்டுறது?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, கோவிட்டுக்கு அப்புறம் உள்நடுக்கம்னு சொல்றவங்க உலகம் பூரா இருக்காங்க. காரணம் இன்னும் முழுசா பிடிபடல, ஆனா அவங்க சொல்றது நெசம்னு ஆராய்ச்சி பண்றவங்க ஏத்துக்கிட்டாங்க. நீங்க போடுற மாத்திரை லிஸ்ட்ட ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு மாத்திரை டோஸ் கூடுனது, மனச்சோர்வு மாத்திரைய சட்டுனு நிறுத்துனது, இதெல்லாமே நடுக்கம் குடுக்கும்.

அதுவும் இல்லன்னா, படுத்த உடனே "இன்னைக்கு இருக்கா"ன்னு தேடிப் பாக்குற பழக்கம் வந்திருக்கும், அத விடணும். ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் உடம்பு லேசா குலுங்கத்தான் செய்யுது, கருவி வெச்சு அளக்குற அளவுக்கு நெசமான குலுக்கல் அது, பகல்ல நமக்குத் தெரியறதே இல்ல. அமைதியா கவனம் வெச்சுக் கேக்கக் கேக்க எந்த சிக்னலும் பெருசாகும். அதனால ஃபேன் ஓடட்டும், ரேடியோ சன்னமா பாடட்டும், ஒருக்களிச்சுப் படுங்க, சாயங்காலம் நல்லா நடங்க, மதியத்துக்கு மேல காபி வேண்டாம். தூங்காத மறுநாள் இது கூடும், அதனால தூக்கத்துக்குத்தான் முதல் மரியாதை. ரொம்ப படுத்துச்சுன்னா நரம்ப அமைதிப்படுத்துற மருந்து குறைஞ்ச டோஸ்ல இருக்கு, சிலருக்கு கேக்கும், சிலருக்கு கேக்காது, டாக்டர் பாத்துதான் குடுக்கணும்.

ஒரு கை மட்டும் சும்மா இருக்கும்போது வெளிய தெரியற மாதிரி நடுங்குனா, கையெழுத்து சின்னதாயிட்டே போனா, நடை மெதுவானா, கழுத்தக் குனிஞ்சா முதுகுல கரண்ட் பாஞ்சா, ஒண்ணுக்கு அடக்க முடியாம போனா, தள்ளிப் போடாம நரம்பு டாக்டரப் பாருங்க. அடுத்த தடவ போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க ஐயா, இது நெசமான தொந்தரவுன்னு டாக்டர் வாயாலயே அவங்க கேக்கட்டும்.