கியர் மாற்றத் தயங்கும் கையும் மேட்டில் வலிக்கும் முழங்காலும்

கேள்வி: எனக்கு வயது 54. கோவையில் வசிக்கிறேன். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நண்பர்களுடன் கோத்தகிரி வழியாக ஊட்டிக்குச் சைக்கிளில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்காக, நெடும்பயணத்துக்கென்றே செய்த, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் உள்ள கியர் சைக்கிள் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கும்படி கடைக்காரர் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம் ஓட்டினாலே வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன, இறங்கியதும் சரியாகிவிடுகின்றன. மேடு ஏறும்போது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. கியர் லிவரைத் தள்ளக் கடினமாக இருப்பதால் பெரும்பாலும் ஒரே கியரில்தான் ஓட்டுகிறேன். இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கை மரத்துப்போவது, லிவர் கடினமாக இருப்பது, முழங்கால் வலி என்று மூன்று தொல்லைகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே சங்கிலியாகத் தெரிகின்றன. அந்தச் சங்கிலியில் வயதின் பங்கு குறைவு; சைக்கிள் உங்கள் உடம்புக்கு இன்னும் பொருந்தவில்லை என்பதே பெரும்பங்கு.

கையிலிருந்து தொடங்குவோம். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்பை ஒட்டி அழுத்திப் பாருங்கள். பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் பக்கத்திலேயே அல்நார் நரம்பு உள்ளங்கைக்குள் நுழைகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் தொடு உணர்வு தருவது அந்த நரம்புதான். உடம்பின் பாரம் ஹேண்டில்பார் வழியாக அந்த இடத்தில் இறங்கினால் நரம்பு நசுங்கி, விரல்கள் மரத்துப்போகும். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவரும் தொல்லை இது. சர்க்கரை நோய் உள்ளவர்களின் நரம்பு அழுத்தத்தை அவ்வளவாகத் தாங்காது என்பதால் உங்களுக்கு இது சீக்கிரம் வருகிறது.

உணர்வு தருவதோடு அந்த நரம்பின் வேலை முடிவதில்லை. விரல்களைப் பக்கவாட்டில் அசைக்கும் சிறு தசைகளை இயக்குவதும் அதுவே. வளைந்த ஹேண்டில்பார் உள்ள பல சைக்கிள்களில் பிரேக் லிவரையே விரல்களால் உள்பக்கம் தள்ளித்தான் கியர் மாற்ற வேண்டும். நரம்பு நசுங்கிய நிலையில் அந்தத் தசைகளின் வலு குறையும். லிவர் கடினமாகத் தோன்றும், நீங்கள் கியர் மாற்றுவதைத் தவிர்ப்பீர்கள், மேட்டிலும் கனமான கியரிலேயே மிதிப்பீர்கள். முழங்கால் அதற்கான விலையைக் கொடுக்கிறது.

எவ்வளவு விலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 28 பல் உள்ள கியரில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் மேடு ஏறினால், பெடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 44 முறைதான் சுற்றும். அதே வேகத்தில் முன்னால் 30, பின்னால் 34 பல் என்று மாற்றிக்கொண்டால் சுமார் 60 முறை சுற்றும். செய்யும் வேலை ஒன்றுதான். ஆனால் முதலில் சொன்ன கியரில் ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்கும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். அந்த விசை கூடக் கூட முழங்கால் சில்லு தொடை எலும்போடு சேர்ந்து அழுந்துகிறது. சமதளத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று, மேட்டில் 60க்குக் குறையாமல் என்று பழகிக்கொள்ளுங்கள். கியர் மாற்றும் நேரமும் முக்கியம்: மேடு தொடங்குவதற்கு முன்பே, பெடலில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது மாற்றிவிட வேண்டும். பாதி மேட்டில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே லிவரைத் தள்ளினால் செயின் திணறும்.

முழங்காலின் முன்பக்க வலிக்கு இன்னொரு காரணம் சீட் தாழ்வாக இருப்பது. உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நம் ஊரில் சீட்டை இறக்கியே வைப்பார்கள். அக்கம்பக்கம் கடைக்குப் போய்வர அது போதும். மலை ஏற அது ஆகாது. வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டையில் அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால் வருவது, பெடல் தண்டுகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதிவரை இருக்க வேண்டிய உயரம். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும். இதைத் தொடக்க அளவாக மட்டும் கொள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ, முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ சீட் உயரம் கூடிவிட்டது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சீட்டை ஏற்றினால், அதை ஒப்பிட ஹேண்டில்பார் தாழ்ந்துவிடும். கையில் இறங்கும் பாரம் இன்னும் கூடும். முழங்காலைச் சரிசெய்யப் போய்க் கையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே சீட் உயரம் முடிவானதும் ஹேண்டில்பாரைச் சீட்டின் மட்டத்துக்கோ சற்று மேலேயோ உயர்த்தித் தரச் சொல்லுங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக் கையில்தான் விழுவீர்கள். அதை மட்டமாக வையுங்கள். பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். மெத்தை வைத்த கையுறையும், கல்லாகக் காற்றடிக்காத அகல டயரும் உதவும். இவ்வளவுக்குப் பிறகும் எட்டிப் பிடித்து முழங்கை விறைக்கிறது என்றால், அந்த ஃபிரேம் உங்களுக்கு நீளம். அப்போது ஒரு சைஸ் சிறிய ஃபிரேமை மாற்றிக் கேளுங்கள். பயணத்தைக் கைவிட வேண்டாம்.

லிவரும் உண்மையிலேயே கடினமாக இருக்கலாம். கேபிள் கூர்மையாக மடங்கியிருந்தாலோ, உள்ளே உராய்ந்தாலோ அப்படி ஆகும். மெக்கானிக்கிடம் சொல்லிப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் சுத்தமாக விழும் கியர் சுமையோடு ஓட்டும்போது தாவக்கூடும் என்பதால், பின் கேரியரில் பத்து கிலோ அரிசியைக் கட்டி அருகிலுள்ள மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். மலை ஏற்றம் தொடங்கும் மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். முன்னால் உள்ள சிறிய பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, பின்னால் உள்ள பெரியதைவிடக் கூடுதலாக இருந்தால், சுமையோடு அந்த ஏற்றத்துக்கு உங்கள் முழங்காலை நான் அனுப்ப மாட்டேன்.

மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். கிளிமிபிரைடு எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதித்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். நீண்ட பயண நாட்களில் அந்த மாத்திரையின் அளவை என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையில் இருக்கட்டும், பின்பையின் அடியில் வேண்டாம். குளுக்கோமீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். கை நடுங்கினாலோ குப்பென்று வியர்த்தாலோ உடனே நிறுத்திக் குளுக்கோஸ் சாப்பிடுங்கள். நண்பர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மலை ஏறும் முன் இதயப் பரிசோதனையும் அவசியம். டிரெட்மில் சோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால் அத்துடன் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

சீட்டில் உட்காரும் இடமோ பிறப்புறுப்புப் பகுதியோ மரத்துப்போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அதுவும் நரம்பு நசுங்குவதுதான். இறங்கி, சீட்டை மாற்றுங்கள். முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மரத்த விரல்கள் மறுநாள் காலையிலும் சரியாகவில்லை என்றாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்த தாளைப் பிறர் எளிதில் உருவிவிட முடிந்தாலோ, சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள்.