லிண்ட்னரைப் பார்த்துச் சிரிக்கலாமா? – கடிதம்

வணக்கம் சார்,

நீங்கள் சொன்ன புரூஸ் நாரிஸின் 'கிளைபோர்ன் பார்க்' நாடகத்தைப் படித்தேன். சிகாகோவில் ஒரே வீடு. 1959இல் அதில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருவதை வெள்ளையர்கள் தடுக்கப் பார்க்கிறார்கள். 2009இல் அதை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைக்கும் வெள்ளைத் தம்பதியிடம் கறுப்பின அண்டைவீட்டார் ஆட்சேபம் சொல்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் சங்கடமாகிவிட்டது. இதையெல்லாம் நகைச்சுவையாக்கலாமா? இரண்டு தரப்பும் ஒன்றுதான் என்கிறாரா ஆசிரியர்?

– ர.

அன்புள்ள ர.,

எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பினத்தவருக்கு இந்தப் பேட்டை ஒத்துவராது என்று சாதிக்க, அவர்கள் பனிச்சறுக்கு விளையாட வருவதில்லை என்கிறார் அந்தப் பேட்டையின் வெள்ளையர் சார்பில் தடுக்க வரும் கார்ல் லிண்ட்னர். அதோடு விடாமல், அந்த வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் பிரான்சினிடமே கேட்கிறார், உங்களுக்குப் பனிச்சறுக்கு பழக்கமுண்டா என்று. முதலாளியம்மா பக்கத்தில் இருக்க, பாவம், அவள் என்னத்தைச் சொல்வாள்? எனக்குச் சிரிப்பு வந்தது கார்லின் அந்தப் பணிவைப் பார்த்துத்தான். 2009இலும் அதே பணிவு. கட்டடத்தின் உயரம் பற்றிப் பேச்சு நடக்கிறது. கறுப்பின அண்டைவீட்டாரில் ஒருத்தியான லீனா ஒன்று சொல்லவேண்டும் என்று காத்திருக்கிறாள், பேச்சோ மொராக்கோவின் தலைநகர் எது என்பதற்குப் போய்விடுகிறது.

இரண்டு தரப்பும் ஒன்றா? இல்லை. லிண்ட்னர் நாரிஸ் படைத்த ஆள் இல்லை. 1959இல் மேடையேறிய லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தில், குடிவராமல் இருக்கப் பணம் தருகிறோம் என்று கறுப்பினக் குடும்பத்திடம் வருபவர் இவர்தான். ஹான்ஸ்பெரி அனுபவப்பட்டவர். 1937இல் அவர் அப்பா சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று அங்கே வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டின் மேல் கல் விழுந்தது. அம்மா ராத்திரி முழுக்கத் துப்பாக்கியோடு காவல் இருந்தார். 1940இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், அதுவும் வழக்கு நடத்திய முறை சார்ந்த ஒரு காரணத்தால், ஒப்பந்தமே தவறு என்பதற்காக இல்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பு வர 1948 ஆயிற்று. 2009இல் அந்தத் தம்பதிக்கு வந்ததோ உயரத்தைக் குறைக்கச் சொல்லும் ஒரு மனு.

நாரிஸ் இரண்டு பாதிகளையும் எதிரெதிர்க் கண்ணாடி போல வைத்ததால் சமம் மாதிரித் தெரிகிறது. 2011இல் புலிட்சர் பரிசு வாங்கிய நாடகம்தான், ஆனாலும் எனக்கு அது குறைதான். ஹான்ஸ்பெரியைப் படித்துவிட்டு மறுபடி இதற்கு வாருங்கள். அங்கேயும் லிண்ட்னர் பணிவாகத்தான் பேசுகிறார். எனக்கு ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை.