பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பழைய போட்டோக்கள் பற்றிய கேள்வி பதில்

பழைய போட்டோக்களைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதுதான் தாமதம், குமரி மாவட்டத்தில் களியக்காவிளையில் இருந்து ஆரல்வாய்மொழி வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்கு: அப்பா நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், நான் டார்க் ரூம் சிவப்பு விளக்கில் வளர்ந்தவன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "இந்தப் படம் என்ன விலைக்குப் போகும்" என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை, கோபிக்க வேண்டாம்.

தக்கலையில் இருந்து: அண்ணாச்சி, எங்க பூட்டியோட கல்யாணப் போட்டோ வீட்ல இருக்கு. 1920-கள்ல எடுத்தது. அதுல அவங்க கறுப்புச் சேலை கட்டியிருக்காங்க, நெத்தியில பொட்டும் கறுப்பு. கல்யாணத்துக்கு யாராவது கறுப்பு கட்டுவாங்களா?

கட்டவில்லை மக்களே, அது அநேகமாகச் சிவப்புப் பட்டு. பொட்டும் குங்குமம்தான். ஆரம்ப கால போட்டோ பிளேட்டுகளுக்கு, அதாவது ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுகளுக்கு, நீல ஒளி மட்டுமே நன்றாக உறைக்கும், சிவப்பு உறைக்கவே உறைக்காது. 1873-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபோகல் பிளேட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் மஞ்சளும்கூடப் பதியும் என்று கண்டுபிடித்தார். சிவப்பும் சேர்த்து எல்லா நிறமும் பதிகிற பிளேட்டு 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. வந்தும் ஊர்ப்பக்க ஸ்டுடியோக்கள் பல காலம் பழையதையே வைத்துக்கொண்டன. காரணம் சிம்பிள்: சிவப்பு தெரியாத பிளேட்டை சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே கழுவலாம். எல்லா நிறமும் தெரிகிற பிளேட்டைக் கும்மிருட்டில் கழுவ வேண்டும்.

அதனால்தான் பழைய படங்களில் வானம் வெள்ளைவெளேர் என்று, மேகமே இல்லாமல் இருக்கும். நீலச் சட்டை வெளுத்துப் போகும், சிவப்பு கறுத்துப் போகும், நம் ஆட்களின் முகமும் நிஜத்தைவிடக் கறுத்துத்தான் விழும். ஆகவே பூட்டியின் நிறத்தைப் பற்றி அந்தப் படத்தை வைத்து யாரும் பேச வேண்டாம். இன்னொன்று, இப்போது செல்போன் ஆப்பில் போட்டுக் கலர் பண்ணுகிறார்களே, அந்த ஆப் கறுப்பைக் கறுப்பாகவோ கருநீலமாகவோதான் நினைக்கும். கலர் செய்த படத்தை வீட்டில் மாட்டினால் இரண்டு தலைமுறை கழித்து 'பூட்டி கறுப்புச் சேலையில்தான் கல்யாணம் பண்ணினாள்' என்று சத்தியமே பண்ணிவிடுவார்கள்.

நெய்யூரில் இருந்து: எங்க ஊர் ஆஸ்பத்திரியில இருந்த சோமர்வெல் டாக்டர் எவரெஸ்ட்ல போட்டோ எடுத்தவர்னு பாட்டா சொல்லுவாங்க. உண்மையா?

பாட்டா சொன்னது முழு உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹோவர்ட் சோமர்வெல் 1922, 1924 இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் போனவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்ததும் லண்டன் வேலையை வேண்டாம் என்று விட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். 1924-இல் நெய்யூர் டாக்டராகத்தான் மறுபடி மலைக்குப் போனார்.

அந்த ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி அவரும் எட்வர்ட் நார்ட்டனும் ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார்கள். 28,000 அடிக்குப் பக்கத்தில் தொண்டை அடைத்துப்போய் சோமர்வெல் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாக 28,126 அடி வரை போய்த் திரும்பினார். அப்போது சோமர்வெல் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. ஓடு வேய்ந்த கூரை போலச் சரிந்து கிடக்கும் பாறைகள், அதில் ஒரு சின்ன மனித உருவம். மலையில் கால் ஊன்றி நின்று அவ்வளவு உயரத்தில் அதுவரை வேறு யாரும் படம் எடுத்ததில்லை.

நாலு நாள் கழித்து மேலே போன அதே குழுவின் மாலரியும் இர்வினும் திரும்பவே இல்லை. மாலரிக்குக் கேமரா கைவசம் இல்லாததால் சோமர்வெல் தன் கோடாக் வெஸ்ட் பாக்கெட் கேமராவைக் கொடுத்தனுப்பினார் என்று சோமர்வெல் குடும்பத்தார் சொல்வார்கள். மடித்தால் கோட்டுப் பையில் அடங்கும் கேமரா அது, 1912-இல் வந்த மாடல். 1999-இல் மாலரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. 2024-இல் இர்வினின் கால் பூட்ஸோடு கிடைத்தது, அப்போதும் கேமரா இல்லை. உச்சியைத் தொட்டார்களா என்ற நூறு வருஷச் சண்டைக்குத் தீர்ப்பு அந்த ஃபிலிமில் இருக்கலாம். உலகத்திலேயே அதிகம் தேடப்படும் கேமரா நெய்யூர் டாக்டருடையது என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இத்தனை வருஷம் கழித்து ஃபிலிமில் படம் இருக்குமா என்று கேட்பீர்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிம், அதுவும் குளிரில் உறைந்து கிடந்தது என்றால் வாய்ப்பு உண்டு. ஸ்வீடன்காரர் ஆந்த்ரே 1897-இல் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பிக் காணாமல் போனார். 1930-இல் ஒரு பனித்தீவில் உடல்களும் ஃபிலிம் சுருள்களும் கிடைத்தன. 33 வருஷம் பனியில் கிடந்ததைக் கழுவி 93 படங்களை மீட்டெடுத்தார்கள்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: உலகின் முதல் போட்டோ எது? எட்டு மணி நேரம் எடுத்தார்களாமே?

பிரான்சில் நியெப்ஸ் 1826-27 வாக்கில் தன் வீட்டு மாடி ஜன்னலில் இருந்து எடுத்ததுதான் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம். ஒருவகைத் தாரை உலோகத் தகட்டில் பூசி வெயில் காட்டினார். வெயில் பட்ட இடம் இறுகியது, படாத இடத்தை எண்ணெய் விட்டுக் கழுவினார். எட்டு மணி நேரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு, சில நாட்களே ஆகியிருக்கும் என்றும் சொல்கிறார்கள். படத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் அடிப்பதைப் பாருங்கள். சூரியன் கிழக்கே இருந்து மேற்கே போகும்வரை தகடு அங்கேயே இருந்திருக்கிறது.

அடுத்து இன்னொரு பிரெஞ்சுக்காரர், தாகேர். வெள்ளி பூசிய செம்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி ஒளி உறைக்கச் செய்தார், எடுத்த படத்தைப் பாதரச ஆவியில் வெளிவரச் செய்தார். 1838-இல் பாரிஸ் தெரு ஒன்றை அவர் எடுத்த படத்தில் வண்டி இல்லை, ஆள் இல்லை, தெருவே காலி. நடமாடியது எதுவும் பதியவில்லை. ஒரே ஓர் ஆள் மட்டும் மூலையில் காலைத் தூக்கி வைத்து நிற்கிறார், பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததால் அசையவில்லை. முகம் தெரியாது, பெயர் தெரியாது. மனிதன் பதிந்த முதல் போட்டோக்களில் ஒன்று என்ற பெருமை மட்டும் அவருக்கு.

1839-இல் தாகேரின் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷமே கல்கத்தாவில் கேமரா விற்பனை விளம்பரம் வந்துவிட்டது. கப்பலில் வந்த காலம் அது!

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கேமராவுக்குள் படம் விழுவது யாரும் கண்டுபிடித்ததல்ல. 2010 ஜனவரி 15 கங்கண சூரிய கிரகணம் நம் மாவட்டத்தில் நன்றாகத் தெரிந்ததே, அன்று மரத்தடியில் நின்றவர்கள் தரையைப் பார்த்திருப்பீர்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஒளி வளையத்தைத் தரையில் போட்டிருந்தது. அதுதான் ஊசித்துளைக் கேமரா. விழுந்த படத்தை நிறுத்தி வைக்கும் ரசாயனம்தான் 19-ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு.

கன்னியாகுமரியில் இருந்து: விவேகானந்தர் பாறையில் தியானம் செய்யும் ஒரிஜினல் போட்டோ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஒரிஜினல் இல்லை. 1892 டிசம்பரில் அவர் பாறைக்குப் போனபோது கேமராவோடு கூட யாரும் போகவில்லை. கை கட்டி நிற்கும் புகழ்பெற்ற படம் 1893 செப்டம்பரில் சிகாகோவில் தாமஸ் ஹாரிசன் எடுத்தது. வருவதெல்லாம் ஓவியம், அல்லது ஒட்டுப்போட்ட வேலை.

ஆனால் இதைவிட நல்ல செய்தி ஒன்று. இங்கே வருவதற்குச் சில நாள் முன்பு திருவனந்தபுரத்தில் இருந்தபோது, திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மா அவரை உட்காரவைத்துத் தானே படம் எடுத்து, தானே கழுவி, பிறகு சென்னை மியூசியத்தில் நடந்த கலைக் கண்காட்சிக்கு அனுப்பினார் என்று சுவாமிகளுக்கு இடம் கொடுத்த சுந்தரராம ஐயர் எழுதியிருக்கிறார். ராஜ குடும்பத்துக்குக் கேமரா பிடித்துப்போன காலம்.

குமரிமுனைப் படங்களுக்குத் தேதி போடுவது சுலபம். காந்தி மண்டபம் இல்லையா, 1956-க்கு முந்தியது. பாறையில் மண்டபம் இல்லையா, 1970-க்கு முந்தியது. வள்ளுவர் முழுதாக நின்றால் 2000-க்குப் பிந்தியது, நடுவில் கண்ணாடிப் பாலம் தெரிந்தால் போன வருஷம் உங்கள் மச்சான் எடுத்ததாக இருக்கும்.

மார்த்தாண்டத்தில் இருந்து: குளச்சல் போர் போட்டோ கிடைக்குமா?

போர் நடந்தது 1741-இல். போட்டோ வர இன்னும் 85 வருஷம் இருக்கிறது. டச்சுத் தளபதி டிலனாய் சரணடையும் படம் என்று சுற்றுவது ஓவியம்.

பெயர் வேண்டாம் என்றவர்: 'தோள்சீலைப் போராட்டத்துக்கு முன் நம் பெண்கள்' என்று மேலாடை இல்லாத படங்களைப் போடுகிறார்கள். அவை அந்தக் காலத்துப் படங்கள்தானா?

நல்ல கேள்வி. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு 1859 ஜூலையில் வந்தது. அப்படிச் சுற்றும் படங்களில் பல, அஞ்சல் அட்டைகள். அட்டையின் முதுகில் எழுத ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி என்று கோடு போட்டிருந்தால், அந்த முறை பிரிட்டனிலேயே 1902-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அப்படியானால் அந்த அட்டை அச்சானது போராட்டத்துக்கு 40 வருஷத்துக்கு மேல் பின்னால். வெள்ளைக்காரர்கள் வாங்கி ஊருக்கு அனுப்புவதற்காக ஸ்டுடியோவில் உட்காரவைத்து, எப்படி உடுக்க வேண்டும், எப்படி உடுக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தவையும் அதில் சேர்த்தி. போராட்டம் நடந்தது உண்மை, அதற்கு இந்தப் படங்கள் சாட்சி தேவையில்லை. அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பகிர்வதில்லை.

கருங்கல்லில் இருந்து: பழைய போட்டோவில் யாருமே சிரிப்பதில்லையே, ஏன்? செத்தவர்களை நிற்கவைத்து எடுத்தார்கள் என்கிறார்களே?

நேரம் அதிகம் பிடித்ததால் சிரிக்கவில்லை என்பது பாதிதான் சரி. 1880-களிலேயே ஜெலட்டின் பிளேட்டு வந்து நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் சிரிக்கவில்லை. போட்டோ என்பது வாழ்நாளில் ஓரிரு தடவை நடக்கும் காரியம், அங்கே போய்ப் பல்லைக் காட்டுவது மரியாதையாகப் படவில்லை.

நிற்பவரின் காலுக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்டின் பாதம் தெரிந்தால் 'இவர் பிணம்' என்று யூடியூபில் சொல்கிறார்கள். சுத்தப் பொய். உயிரோடு இருப்பவர் தலை ஆடாமல் இருக்கத்தான் அந்த ஸ்டாண்ட். பிணத்தை அது தாங்காது. இறந்தவர்களைப் படம் எடுத்தது உண்மை, படுக்கவைத்தோ நாற்காலியில் சாய்த்தோ எடுத்தார்கள். நம் ஊரிலும் சவப்பெட்டியின் தலைமாட்டைச் சற்று உயர்த்தி, முகம் தெரிகிற மாதிரி வைத்து, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று எடுத்த குரூப் போட்டோ பல வீடுகளில் இருக்கும். 'படம் எடுத்தால் ஆயுசு குறையும்' என்று பயந்தவர்களுக்கு அது ஒன்றுதான் போட்டோ.

ராஜாக்கமங்கலம் ஆசிரியை: பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஏதாவது உண்டா சார்?

சயனோடைப் செய்யுங்கள், டீச்சர். ஆங்கில விஞ்ஞானி ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, இருட்டறையில் கலந்து காகிதத்தில் பூசிக் காயவையுங்கள். மேலே இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பத்து நிமிஷம் போதும். பச்சைத் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளை இலை. 1843-இல் ஆனா அட்கின்ஸ் என்ற அம்மையார் இப்படித்தான் கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாகப் போட்டார். உங்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கையுறை போடச் சொல்லுங்கள், ஆசிட் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பத்மநாபபுரத்தில் இருந்து: நம் மாவட்டத்துப் பழைய படங்கள் எங்கே கிடைக்கும்?

1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் சென்னையில் தேடினால் கிடைக்காது, திருவனந்தபுரத்திலும் லண்டனிலும் தேட வேண்டும். 1858 வாக்கில் சென்னை அரசுக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த கேப்டன் லினேயஸ் ட்ரைப்பின் வரிசையில் நாம் இல்லை, சமஸ்தானம் தனி. பிற்பாடு சக்கரியாஸ் டிக்ரூஸ் திருவிதாங்கூர் அரசு போட்டோகிராஃபராக இருந்தார், அவருடைய ஆல்பம் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. நாகர்கோவில், நெய்யூர் மிஷன் படங்களுக்கு லண்டன் மிஷன் ஆவணங்கள், அவை லண்டன் சோவாஸ் கல்லூரியில். தேடும்போது கன்னியாகுமரியின் பழைய ஆங்கிலப் பெயரான கேப் கோமரின் என்றும் போட்டுப் பாருங்கள்.

குளச்சலில் இருந்து: பரண்ல பெட்டி நிறையக் கண்ணாடி நெகடிவ் கிடைச்சிருக்கு அண்ணாச்சி, பூசணம் பிடிச்சிருக்கு. சோப்பு போட்டுக் கழுவலாமா?

தயவுசெய்து தண்ணீரே காட்டாதீர்கள். ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மங்கல் பக்கம் ஜெலட்டின், படம் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டால் ஊதி உரிந்து கையோடு வந்துவிடும். அந்தப் பக்கத்தை விரலால்கூடத் தொடாதீர்கள், ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். மென்மையான பிரஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். பளபளப்புப் பக்கத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கலாம். சில பிளேட்டுகளில் முகத்தின் மேல் பென்சில் கோடு தெரியும். அழுக்கு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், அது டச்சிங். என் அப்பா பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கி, கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை மூடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே பிளேட்டைப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்குங்கள். ஆட்கள் எழுந்து வந்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். நமக்கு இரண்டு மழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு, ஆகவே வெளிச்சுவர் பக்கம் வேண்டாம், உள் அறை அலமாரி. பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், மூடியில் ஏதாவது எழுதியிருக்கும்.