மஞ்சப்பையை மேசையில் கொட்டுங்கள்: நாட்டு மருந்து பற்றிக் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையச் சித்தா பிரிவுகளில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாட்டு மருந்தை எது வரைக்கும் நம்பலாம் என்று நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இதோ.

காரிமங்கலத்திலிருந்து: அக்கா, அப்பாவுக்கு எட்டு வருஷமா சுகர். ஆவாரம்பூ கஷாயமும் சிறுகுறிஞ்சான் பொடியும் ஆரம்பிச்சார். 140க்கு வந்துருச்சுன்னு மாத்திரையை நிறுத்திட்டார். பரவாயில்லையா?

நிறுத்தியது தப்பு தம்பி. அந்த 140 மாத்திரையும் சேர்ந்து கொண்டுவந்தது. ஒரு நாள் விரலில் குத்திப் பார்த்ததை வைத்து முடிவு எடுக்காதீர்கள். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

சிறுகுறிஞ்சானை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் இலையை நன்றாக மென்றுவிட்டு ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுப் பாருங்கள், இனிப்பே தெரியாது, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும். சர்க்கரையைக் குறைக்கும் குணமும் அதற்கு உண்டு. அதனால்தான் பயப்படுகிறேன். கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் ராத்திரியில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி மயக்கம் வரலாம்.

என்னிடம் வருகிறவர்களை மஞ்சப்பையை அப்படியே மேசையில் கொட்டச் சொல்வேன். மாத்திரை அட்டை, பொடிப் பொட்டலம், தைலம் எல்லாம் கலந்து விழும். "இதெல்லாம் மாத்திரை எழுதித் தந்த டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். திட்டுவார் என்று பயம். திட்டினாலும் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடும் குழந்தைக்கு எந்த மூலிகையை நம்பியும் ஒரு வேளை ஊசியைக்கூட விடக்கூடாது.

மாரண்டஅள்ளியிலிருந்து: சுகருக்குக் களி எவ்வளவு வேணா சாப்பிடலாம்தானே?

இல்லை அம்மா. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். சின்ன உருண்டை ஒன்று, கூடவே கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ நிறைய. அது போதும்.

பென்னாகரத்திலிருந்து: எங்க ஊர்ல பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கறை. அம்மாவால குனிய முடியல. ஃப்ளோரைடை எடுக்கற மூலிகை இருக்கா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையப் பேச வேண்டும், நம் மாவட்டத்தின் பழைய வேதனை இது. பாறைக்குள் ஆழமாக இறங்கும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

முளைத்த பல்லில் ஏறிய கறையை எந்தக் கஷாயமும் எடுக்காது. ஃப்ளோரைடு சேர்ந்து இறுகிய எலும்பும் பழையபடி ஆகாது. அதைவிட முக்கியமான ஒன்று. நம் முறையில் நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்ற வைக்கிறோம். தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு அடியிலேயே நிற்கும். போர் தண்ணீரில் காய்ச்சினால் மருந்து என்று நினைத்து நாலு மடங்கு ஃப்ளோரைடைக் குடிக்கிறோம். கஷாயத்துக்கும் சமையலுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ மட்டும் எடுங்கள்.

புளிக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்தபோது சிறுநீர் வழியாக ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதைப் பார்த்தார்கள். 2002இல் வந்த ஆய்வு. சிறுவர்கள் சிலரிடம் மட்டும் பார்த்தது, ஆகவே அதைச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் புளி ரசத்தை நிம்மதியாகக் குடிக்கலாம், அவ்வளவே. அம்மாவின் வலிக்கு ஒத்தடமும் தைலமும் இதம் தரும். எலும்பு மருத்துவரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

எந்தக் காமாலை என்று தெரியாமல் போதும் என்று சொல்ல முடியாது. கெட்ட தண்ணீரால் வரும் ஏ வகை வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானே ஆறிவிடும். கீழாநெல்லி குடித்தவருக்கும் ஆறும், குடிக்காதவருக்கும் ஆறும். பி வகை அப்படியில்லை. 1988இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி வகைச் செடி ஒன்றைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். எங்களுக்கெல்லாம் அப்போது அவ்வளவு பெருமை! ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. பித்தக்கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். கையில் சூடு போடுகிறவரிடம் பிள்ளையைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.

அஞ்செட்டியிலிருந்து: பாம்புக்கடிக்குச் சிறியாநங்கை கொடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். கடித்த காலை அசைக்காமல் வையுங்கள், கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் முறிக்கும் ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் போகலாம், காயம்கூடத் தெரியாது. காலையில் கண் இமை சொக்கினாலே கிளம்பிவிடுங்கள்.

ஓசூரிலிருந்து: மாமியாருக்கு முட்டி வலி. சந்தையில வாங்கின பொடியில ரெண்டே நாள்ல வலி போச்சு. தொடரலாமா?

இரண்டே நாள் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நம் மூலிகைகள் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. பெயரில்லாத பொடிகளில், வலியை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தோடு ஓர் அம்மா என்னிடம் வந்தார். முகம் நிலா மாதிரி உப்பி, கையில் தொட்ட இடமெல்லாம் ஊதா தடம். சுகர் 300ஐத் தாண்டியிருந்தது.

மாமியாருக்கு உடனே சுகரும் பிரஷரும் பாருங்கள். பல மாதம் சாப்பிட்டிருந்தால் பட்டென்று நிறுத்தவும் கூடாது, பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாக இறக்குவார். வாங்குகிற மருந்தில் உரிம எண், தயாரித்தவர் முகவரி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954 சட்டம் தடுக்கிறது.

அரூரிலிருந்து: அப்ப சித்தா பிரிவுக்கு எதுக்குத்தான் வரலாம் டாக்டரம்மா?

தாராளமாக வாருங்கள்! நாள்பட்ட சளி, மலச்சிக்கல், அஜீரணம், மூட்டுத் தேய்மான வலி, தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் எங்களிடம் நல்ல மருந்து இருக்கிறது, அரசு நிலையத்தில் காசும் இல்லை. காய்ச்சலுக்கு ஒன்பது சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீரும் தருவோம். ஆனால் டெங்கு காலத்தில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் குடிநீரை ஓரமாக வைத்துவிட்டு வார்டில் சேருங்கள். வரும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.