காலி சைட்டில் பார்த்தீனியம், கறவைப் பாலில் கசப்பு

கேள்வி: ஐயா, வணக்கம். கோவைக்குக் கிழக்கே எங்களுக்கு 60 சென்ட் தோட்டம். தக்காளியும் கத்தரியும் வைத்திருக்கிறோம், இரண்டு கறவை மாடு இருக்கிறது. சுற்றிலும் சைட் போட்டு விற்றுவிட்டார்கள், யாரும் வீடு கட்டவில்லை. அந்த மனைகள் முழுக்க பார்த்தீனியம் இடுப்பு உயரம் நிற்கிறது. மாட்டை அங்கேதான் மேயக் கட்டுகிறேன். ஒரு மாதமாகப் பால் கசக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு மாட்டுக்கு வாயோரமும் மடியும் சிவந்து முடி கொட்டுகிறது. எனக்கும் கையில் அரிப்பு. வருடத்துக்கு இரண்டு தடவை மெஷின் வைத்து வெட்டுகிறார்கள், அடுத்த மழையில் முன்பைவிட அடர்த்தியாக வருகிறது. உப்புத் தண்ணீர் அடிக்கலாமா? தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: அம்மா, வணக்கம். முதலில் மாட்டைப் பார்ப்போம். இன்றைக்கே அந்த மனைகளில் கட்டுவதை நிறுத்துங்கள். பார்த்தீனியத்தில் பார்த்தீனின் என்ற கசப்பு நஞ்சு இருக்கிறது. நல்ல புல் கிடைத்தால் மாடு இதைத் தொடாது. புல்லே இல்லாத இடத்தில் கட்டிப்போட்டால் வேறு வழியில்லாமல் கடிக்கும். அந்தக் கசப்புதான் பாலில் வருகிறது. வாயோரம் புண், மடியில் சிவப்பு, முடி உதிர்வு எல்லாம் இந்தச் செடி உரசுவதாலும் தின்பதாலும் வருபவை. நிறையத் தின்ற மாடு கழிச்சல் கண்டு செத்தும் போகும். மேய்ச்சலை நிறுத்திச் சோளத்தட்டையும் பசுந்தீவனமும் கொடுத்தால் கசப்பு குறைந்துகொண்டே வரும். கசப்பு போகும்வரை அந்தப் பாலை வாடிக்கைக்காரர்களுக்கு ஊற்றாதீர்கள். அப்புறம், மடி சிவந்திருப்பதால் மடிநோயாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பாலைச் சோதித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கை அரிப்பையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் செடி உண்டாக்கும் தோல் ஒவ்வாமை, தொடரத் தொடர அதிகமாகும். சிலருக்குக் காற்றில் வரும் தூளே போதும், கண் இமையும் கழுத்தும் தடித்துவிடும். ஒருமுறை அரிப்பு கண்டவர் செடி பிடுங்கப் போகவே கூடாது. வேறு ஆளை விடுங்கள். அவரும் முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கை மூடும் துணி இல்லாமல் தொடக்கூடாது.

இனி, வெட்ட வெட்ட ஏன் அடர்த்தியாக வருகிறது என்பது. மெஷின் எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். செடி உயர்ந்து, வெள்ளைப் பூ மேலே தெரிந்து, மனைக்காரருக்கோ தெருக்காரருக்கோ கண்ணில் உறுத்தின பிறகுதான். அதற்குள் கீழ்ப்பூக்களில் விதை முற்றியிருக்கும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 10,000 முதல் 25,000 விதை வரை போடும். மெஷின் அவற்றைச் சுற்றிலும் வீசிவிடுகிறது. போதாததற்கு, வெட்டின அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்த்து, குட்டையாக நின்றே சீக்கிரம் பூத்துவிடும். பூத்த பிறகு வெட்டுவது விதைப்புக்குச் சமம். எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. அதே கூலியை ஒரு மாதம் முன்னால் செலவழித்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

மழை பெய்து ஈரம் கண்டதும் முளைக்கும். முதலில் கேரட் இலை மாதிரி, தரையோடு ஒட்டிய வட்டமாக இருக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். நமக்குக் கிடைக்கிற நேரம் மழைக்குப் பின் மூன்றாவது வாரம். மண் ஈரமாக இருக்கையில் வேரோடு பிடுங்கினால் எளிதாக வரும். ஒரே தடவையில் முடியாது, அடுத்தடுத்து முளைக்கும். மண்ணுக்குள் புதைந்த விதை பல வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால் இரண்டு மூன்று வருடமாவது விடாமல் பார்க்க வேண்டும்.

பூக்காமல் பிடுங்கிய பச்சைச் செடியைக் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் சாணிக்கரைசல் தெளித்து மக்க வைக்கலாம், நல்ல எரு கிடைக்கும். பூத்ததைக் குழியில் போடாதீர்கள். ஓரத்தில் கிடக்கும் விதை சூடு படாமல் தப்பி, எருவோடு தோட்டத்துக்கே வந்துவிடும். வெளியிலிருந்து எருவோ மேட்டுமண்ணோ வாங்கினால் அந்த இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். புறநகரில் இந்தச் செடி பரவுவதில் டிப்பர் லாரி மண்ணுக்கும் டயரில் ஒட்டின சேற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

உப்பு பற்றிக் கேட்டீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு, 2 மில்லி சோப்புத் திரவம் கலந்து, பூக்கும் முன் நல்ல வெயிலில் இலை நனைய அடித்தால் கருகும். ஆனால் சாலையோரம், சுவரோரம் மட்டும். தோட்டத்தில் அடித்தால் மண் கெட்டுவிடும். சிலர் 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்வார்கள். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். காற்றில் வரும் துளி பட்டாலே தக்காளி இலை சுருண்டு போகும். தோட்டத்துக்குள் கைக்களைதான். வரப்பில் பூக்க விடாதீர்கள். இதன் மகரந்தம் தக்காளி, கத்தரிப் பூவில் விழுந்தாலே காய்ப்பிடிப்பு குறையும். 2000இல் அனந்தப்பூரில் லட்சக்கணக்கான ஏக்கர் கடலையைத் தண்டு கருகல் நோய் அழித்ததே, அந்த வைரஸ் நோய்க்குறி காட்டாமல் பார்த்தீனியத்தில்தான் தங்கியிருந்தது. இலைப்பேன் அதன் மகரந்தத்தோடு வைரஸையும் கடலைக்குக் கொண்டுபோனது.

பிடுங்கின இடத்தை வெறுமையாக விட்டால் அதே செடிதான் வரும். காலி மனையை இவ்வளவு வேகமாகப் பிடித்ததற்கு முக்கியக் காரணம், ஜேசிபி மேல்மண்ணைக் கிளறி, புல்லையும் கொழிஞ்சியையும் எடுத்துவிட்டு வெற்றுத்தரையாகப் போட்டதுதான். மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் செடி இது. 1950களில் புனேயில் கண்டு சொன்னார்கள். அங்கிருந்து நாடு முழுக்கப் போனதற்குக் கிளறிவிட்ட வெற்றுத்தரைதான் வழிவிட்டது. மனைக்காரர்களிடம் பேசி, மழைக்கு முன் தகரை, கொழிஞ்சி, துத்தி, ஆவாரை விதையை வாங்கித் தூவுங்கள். இவை அடர்ந்தால் பார்த்தீனியம் மேலே வரத் திணறும். செலவும் பெரிதில்லை. உங்கள் வேலியோரம் பத்தடியில் ஆரம்பித்தால்கூடப் போதும், தோட்டத்துக்கு வரும் விதை குறையும். பேச்சுக்கு மசியாத மனைக்கு உள்ளாட்சியில் எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள். அதில் 'பூக்கும் முன் பிடுங்க வேண்டும்' என்று தெளிவாக எழுதுங்கள். ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம். அந்தச் சமயத்தில் கேட்டால் ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பிடுங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில் பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு இருந்தால், அது 1983இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து பரப்பிய மெக்சிகன் வண்டு. புழுவும் வண்டும் இலையைத் தின்று செடியைக் குச்சியாக்கிவிடும். மழைக்காலத்தில்தான் வேலை செய்யும், வறட்சியில் மண்ணுக்குள் உறங்கும். அது இருக்கும் மனையில் உப்போ மருந்தோ அடிக்காமல் விடுங்கள். ஐந்நூறு முதல் ஆயிரம் வண்டு வரை சேர்ந்தால் வலைப்பையில் பிடித்து, வண்டு இல்லாத பக்கத்து மனையில் விட்டுவிடலாம்.