சீட் கொடுத்தால் வருவாரா? அமெரிக்கக் கல்லூரிகள் போடும் கணக்கு

பொறியியல் கலந்தாய்வுக்குப் பழகிய பெற்றோருக்கு அமெரிக்க இளநிலைச் சேர்க்கையில் முதலில் இடிப்பது இதுதான்: 200-க்கு இவ்வளவு கட்-ஆஃப், அதற்கு இந்த ரேங்க், அதற்கு இந்தக் கல்லூரி என்ற நேர்வழி அங்கே இல்லை. நம் கலந்தாய்வில் தேர்ந்தெடுப்பவர் மாணவர். இடம் கொடுத்தால் இவர் வருவாரா என்று எந்தக் கல்லூரியும் யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ ஒரே மாணவர் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தில் மட்டுமே 20 வரை அனுமதி உண்டு. நாலைந்தில் இடம் கிடைக்கும், சேருவது ஒன்றில்தான். மற்ற கல்லூரிகள் அந்த நாற்காலியை வேறு ஒருவரைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

அனுமதி பெற்றவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேர்ந்தார்கள் என்ற விகிதத்தை அங்கே ‘யீல்டு’ என்கிறார்கள். 1,500 பேர் கொண்ட முதலாண்டு வகுப்பு வேண்டும், நாலில் ஒருவர்தான் வருவார் என்றால் 6,000 பேருக்கு அனுமதி போக வேண்டும். கணிப்பு 5 சதவீதப் புள்ளி பிசகினால் 300 பேர் கூடவோ குறையவோ செய்வார்கள். குறைந்தால் கட்டண வருவாயில் ஓட்டை. கூடினால் விடுதியில் இடமில்லை. 2019-இல் வர்ஜீனியா டெக் ஏறத்தாழ 6,600 பேரை எதிர்பார்த்தது, வருவதாகச் சொன்னவர்கள் 8,000 பேரளவில். சேருவதைத் தள்ளிப்போடச் சம்மதிப்பவர்களுக்குச் சலுகை அறிவிக்கும் நிலை அதற்கு ஏற்பட்டது. தரவரிசைக்காகத்தான் கல்லூரிகள் இந்த விளையாட்டு ஆடுகின்றன என்பது பழைய பேச்சு. யு.எஸ். நியூஸ் பட்டியல் 2003-இலேயே யீல்டையும், 2018-இல் அனுமதி விகிதத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. இன்று கல்லூரிகளை அதிகம் அழுத்துவது பட்ஜெட்டும் விடுதிக் கட்டிலும்தான்.

வருவாரா என்பதை ஊகிக்க, மாணவர் தங்கள் மேல் காட்டும் ஆர்வத்தைப் பார்க்கும் கல்லூரிகள் உண்டு. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் அமெரிக்கச் சங்கமான நாகாக் எடுக்கும் கருத்துக்கணிப்புகளின்படி, மாணவர் காட்டும் ஆர்வத்துக்குக் கணிசமான முக்கியத்துவம் தருபவை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு அதைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் பட்டியலில் எது எந்த ரகம் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ (கல்லூரிகள் ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பு கிடைக்கும். அதில் சி7 அட்டவணையின் கடைசிப் பகுதியில் ‘லெவல் ஆஃப் அப்ளிகன்ட்ஸ் இன்ட்ரஸ்ட்’ (விண்ணப்பதாரரின் ஆர்வ அளவு) என்ற வரி இருக்கும். எதிரே நான்கு கட்டங்கள்: மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்ளப்படும், கொள்ளப்படாது. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் போன்றவை கடைசி ரகம். கார்னகி மெலன் இந்த வழக்கத்தையே கைவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தது. வாஷிங்டனிலுள்ள அமெரிக்கன் யுனிவர்சிட்டியோ இதை ‘மிக முக்கியம்’ என்று குறித்துவந்த கல்லூரி. இது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், புதிய கோப்பையே பாருங்கள். அதே கோப்பில் சி1 பகுதியில் சேர்ந்தவர் எண்ணிக்கையை அனுமதி பெற்றவர் எண்ணிக்கையால் வகுத்தால் யீல்டு வந்துவிடும். வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு உதவித்தொகை என்பது எச்6-இல். ‘கொள்ளப்படாது’ என்று குறித்த கல்லூரியின் வெபினாருக்காக விடியற்காலை அலாரம் வைப்பது வீண் வேலை.

வருவேன் என்பதற்கு ஒரு மாணவர் தரக்கூடிய ஆகப் பெரிய உறுதி ஏர்லி டெசிஷன். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, முடிவு டிசம்பர் நடுவில். சில கல்லூரிகளில் ஜனவரித் தொடக்கத்தில் இரண்டாம் சுற்றும் உண்டு, அதன் முடிவு பிப்ரவரி நடுவில். இடம் கிடைத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேதான் சேர வேண்டும். கல்லூரிக்கு இதில் என்ன லாபம்? மேலே சொன்ன 1,500 பேரில் 750 பேரை இப்படி எடுத்துவிட்டால், மீதி 750 இடத்துக்கு, ஐந்தில் ஒருவர்தான் வருவார் என்று வைத்தாலும் 3,750 அனுமதி போதும். ஆக மொத்தம் 4,500. முன்பு 6,000. அந்த 1,500 அனுமதிகளின் வெட்டு விழுவது வழக்கமான சுற்றில் காத்திருப்பவர்கள் மேல். ஏர்லி டெசிஷனின் அனுமதி விகிதம் கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்தக் கணக்கில் விளையாட்டு வீரர்களாக முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டவர்களும் முன்னாள் மாணவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விகிதம் இரண்டு மடங்கு என்றால் உங்கள் பிள்ளைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏர்லி டெசிஷன் ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். தனி ஆலோசகர் இல்லாத பள்ளிகளில் இது முதல்வரின் தலையில் விழும். என்ன ஒப்பந்தம் என்று விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்றத்துக்கு யாரும் இழுக்கமாட்டார்கள், ஆனால் அடி பள்ளிக்கு விழலாம். 2025-இல், ஒரு மாணவர் பின்வாங்கியதற்காக, கொலராடோவிலுள்ள ஒரு பள்ளியின் மாணவர்கள் ஓராண்டுக்கு ஏர்லி டெசிஷன் போட முடியாதபடி டுலேன் பல்கலைக்கழகம் தடுத்தது. கேட்ட நிதியுதவி போதாது என்றால் கௌரவமாக விலகலாம். அந்த ஒரு வாசல் உண்டு. நாலு கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்களை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலையிலுள்ள குடும்பம் இந்தப் பக்கமே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘ஏர்லி ஆக்‌ஷன்’ என்பது வேறு: முன்னதாக விண்ணப்பிக்கிறீர்கள், முன்னதாகப் பதில் வருகிறது, சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வெளிநாட்டு மாணவர் வருவாரா என்பதில் பாதிக் கேள்வி பணம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சில கல்லூரிகள்தான் வெளிநாட்டவரின் நிதி நிலையைப் பார்க்காமல் முடிவெடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. மற்ற பெரும்பாலான கல்லூரிகளில், ஆண்டுக்கு உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்கள் எழுதும் தொகை முடிவைப் பாதிக்கும். செலவு மிகுந்த தனியார் கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. இங்கே அதிகம் நடக்கும் தவறு, முதலில் இடம் வாங்கிவிடுவோம், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று முழுத் தொகையையும் கட்டுவதாக எழுதிவிடுவது. விண்ணப்பிக்கும்போதே நிதியுதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு நான்கு ஆண்டும் கேட்க முடியாது என்பது பல கல்லூரிகளின் விதி. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். வங்கி இருப்பு, வைப்புநிதி, ஒப்புதலான கல்விக்கடன் கடிதம் எடுபடும். ஊரில் இருக்கும் நிலத்தின் மதிப்பீட்டுச் சான்றைப் பொதுவாகக் கைப்பணமாக ஏற்பதில்லை. எனவே வங்கியில் கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதை அக்டோபருக்குள் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.

ஆர்வத்தைக் கணக்கில் எடுக்கும் கல்லூரிகள் அதை எப்படி அறிகின்றன? ஸ்லேட் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பதிவு இருக்கும். எந்த இணையவழிக் கூட்டத்துக்கு வந்தார், மின்னஞ்சலைத் திறந்தாரா, இணைப்பைச் சொடுக்கினாரா எல்லாம் அதில் ஏறலாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிக்கல், பெயர். கல்விக் கண்காட்சியில் எஸ். கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன், மின்னஞ்சல் அப்பாவுடையது என்றால், செய்ததெல்லாம் யாரோ ஒருவர் பெயரில் கிடக்கும். முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், ஒரே மின்னஞ்சல், சரியான பிறந்த தேதி. ஏஜென்ட் உருவாக்கித் தரும் மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக் கூட்டம் நமக்கு அதிகாலை 4.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 5.30. நேரில் போய் வளாகத்தைப் பார்க்காததற்காக இவ்வளவு தூரத்திலிருந்து விண்ணப்பிப்பவரைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நேர்காணல் ‘விருப்பமிருந்தால்’ என்று இருந்தால், விருப்பம் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கலந்துகொள்ளுங்கள். இணையதளத்திலேயே விடை இருக்கும் கேள்விகளை வாரம் ஒன்றாக அனுப்புவதும், பிள்ளைக்குப் பதிலாக அம்மா எழுதுவதும் எதிர்மாறாகத்தான் வேலை செய்யும்.

இதையெல்லாம் விடக் கனமானது, ‘ஏன் இந்தக் கல்லூரி’ என்று கேட்கும் சிறு கட்டுரை. ‘உலகத்தரமான ஆசிரியர்கள், அழகான வளாகம்’ என்பதை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பலாம், அதனாலேயே பயனில்லை. வூஸ்டர் பாலிடெக்னிக்குக்கு எழுதுகிறவர், அங்கே ஒரு பருவம் ஏழு வாரம்தான் என்பதையும், சமூகப் பிரச்சினை ஒன்றைக் குழுவாக எடுத்துச் செய்யும் கட்டாயத் திட்டப்பணியையும், தான் பள்ளியில் செய்த கிணற்று நீர்ப் பரிசோதனையோடு பொருத்திக் காட்டினால், படிப்பவர் நம்புவார்.

‘பாதுகாப்புக்கு’ என்று போட்ட கல்லூரிகளில்தான் அலட்சியம் அதிகம். சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1,540 வாங்கியவர், சேருபவர்களில் நடுப் பாதிப் பேர் 1,280 முதல் 1,400 வரை வாங்கும் கல்லூரிக்கு அவசரக் கட்டுரையோடு விண்ணப்பித்தால், இவர் வரமாட்டார் என்று அவர்கள் கணித்துக் காத்திருப்போர் பட்டியலில் போட வாய்ப்புண்டு. ஆர்வத்தைப் பார்க்கும் கல்லூரி என்றால், முதல் தேர்வுக் கல்லூரிக்குக் காட்டிய அதே அக்கறையை இங்கும் காட்டுங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் வந்துவிட்டால், தொடர விரும்புகிறேன் என்று முதலில் போர்ட்டலில் குறிக்க வேண்டும். பிறகு ஒரு பக்கக் கடிதம்: புதிய மதிப்பெண், புதிதாகச் செய்த ஒன்றிரண்டு விஷயங்கள், முதலாண்டுப் பணம் தயார் என்ற ஒரு வரி. ‘இடம் தந்தால் கட்டாயம் சேருவேன்’ என்ற வாக்கியம் ஒரு கல்லூரிக்கு மட்டும். மே 1-க்குள் கைவசமுள்ள வேறொரு கல்லூரிக்கு முன்பணம் கட்டியே ஆக வேண்டும், காத்திருந்த கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் அந்த முன்பணம் போனதுதான். ஜூனில் அழைப்பு வந்தால் ஐ-20 புதிது, அதிலுள்ள செவிஸ் எண்ணும் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேட்டின் எண்) புதிது. முன்பு கட்டிய 350 டாலர் செவிஸ் கட்டணத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ள முடியும், மறுபடி கட்ட வேண்டாம். சென்னையில் விசா நேர்காணலுக்குப் போகுமுன் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்திலும் கல்லூரியின் பெயரை மாற்றிவிட வேண்டும். ஆகஸ்ட் நடுவில் வகுப்பு தொடங்கும் கல்லூரி என்றால், ஜூன் கடைசிக்குள் தகவல் வராதபோது பட்டியலிலிருந்து விலகிவிடுவதே நல்லது. அதற்குப் பிறகு விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பது உங்கள் கையிலும் இல்லை, கல்லூரியின் கையிலும் இல்லை.